ஒன்பதாவது ஸ்டெப்: ஒரு கெப்பாசிட்டர் பேனலும் ஹார்மோனிக்ஸும்

கெப்பாசிட்டர் வீங்கினால் கெப்பாசிட்டரை மாற்று. அதை ஆன்-ஆஃப் செய்யும் காண்டாக்டர் கருகினால் காண்டாக்டரை மாற்று. பெங்களூரு ஃபேக்டரிகளில் மெயின்டனன்ஸ் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. பாதிக்கு மேல் அது சரியான வைத்தியம்தான். எங்கள் பேனலில் பலிக்கவில்லை. புதிதாகப் போட்ட கெப்பாசிட்டரும் வீங்கியது. வேறு பிராண்ட் வாங்கிப் போட்டோம், அதுவும் வீங்கியது. ஒவ்வொன்றையும் கழற்றித் தனியாக டெஸ்ட் செய்தால், வீங்கியதைத் தவிர மற்ற எல்லாமே நன்றாக இருந்தன. உறுப்புகள் எல்லாம் நல்லவையாக இருந்தும் அவை சேர்ந்த சர்க்யூட் கெட்டதாக இருக்க முடியும். இதைப் பாடப் புத்தகத்தில் படித்துத்தான் டிப்ளமோ வாங்கினேன். ஆனால் அது பேனல் ரூமில் எந்த உருவத்தில் வரும் என்று எந்தப் புத்தகமும் காட்டவில்லை.

இடம் மகாதேவபுரா பக்கம், வாகன உதிரிபாகம் செய்யும் நடுத்தர ஃபேக்டரி. நான் கோலார் தங்கவயல்காரன். மாரிக்குப்பத்தில் காலை ரயில் ஏறி கே.ஆர்.புரத்தில் இறங்கி வேலைக்கு ஓடும் கூட்டத்தில் ஒருவன். பேனல் ரூமில் என்னோடு இருப்பவர் கிருஷ்ணகிரிக்காரர், என்னைவிட மூத்தவர், ஃபேக்டரியில் எல்லோருக்கும் அவர் அண்ணே. வெளியே ஷாப் ஃப்ளோரில் கன்னடம், உள்ளே பேனல் ரூமில் தமிழ்.

சப்ளை 11 கேவி. அதை 433 வோல்ட்டாக இறக்கும் 500 கேவிஏ ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று. பெயர்ப்பலகையில் இம்பிடன்ஸ், அதாவது கரண்ட்டுக்கு அது காட்டும் தடை, 4.5 சதவீதம் என்று அடித்திருக்கும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையாக வேலை செய்யும் பங்கு) இறங்கினால் பில்லில் அபராதம் ஏறும் என்பதால் ஒரு ஏபிஎஃப்சி பேனல், லோடுக்கு ஏற்பக் கெப்பாசிட்டர்களைத் தானாகச் சேர்த்து அதைத் திருத்தும் பெட்டி. கெப்பாசிட்டரின் அளவைச் சொல்லும் அலகு கேவிஏஆர். 25 கேவிஏஆர் வீதம் 12 ஸ்டெப், அதாவது தனித்தனியாக ஆன் ஆகும் 12 படி, மொத்தம் 300. பேனல் வாங்கிய காலத்தில் கம்ப்ரசர், கூலன்ட் பம்ப், எக்ஸாஸ்ட் எல்லாமே நேரடி மோட்டார்கள். பிறகு ஒவ்வொன்றாக, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எலக்ட்ரானிக் டிரைவ் போட்டார்கள், சிஎன்சி மெஷின் எண்ணிக்கையும் ஏறியது. கரண்ட் பில் குறைந்தது உண்மைதான். பேனல் மட்டும் பழைய காலத்துக்கே வேலை செய்துகொண்டிருந்தது.

முதல் துப்பு அண்ணனிடமிருந்து வந்தது. "தம்பி, பகல்ல ஃபுல் லோடு ஓடுறப்ப ஒண்ணும் ஆகல. நைட் ஷிஃப்ட்ல பாதி மெஷின் ஓடுறப்பதான் போகுது. அந்த நேரத்துல பஸ்பார் கத்துற சத்தமே வேற, வந்து கேளுங்க" என்றார்.

பஸ்பார் என்பது பேனலுக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துத் தரும் தடித்த உலோகப் பட்டை. அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓவர்லோடு என்றால் அதிக லோடில்தானே வர வேண்டும்? குறைந்த லோடில் அடி விழுகிறது, அதிக லோடில் விழவில்லை என்றால் நாம் தேடுவது சுமையை அல்ல, ஏதோ ஒரு பொருத்தத்தை. நின்றுகொண்டிருக்கும் பழைய பிஎம்டிசி டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். என்ஜின் மெதுவாக உறுமும்போது ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம் கூடும், கண்ணாடி ஆட்டம் நின்றுவிடும். கண்ணாடிக்கு ஒரு குறிப்பிட்ட வேகத்தின்மேல்தான் பிரியம். எங்கள் பேனலுக்கும் அப்படி ஒன்று இருந்தது.

சத்தமும் அதையே சொன்னது. 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் ட்ரான்ஸ்ஃபார்மரின் வழக்கமான உறுமல் 100 ஹெர்ட்ஸ், அடித்தொண்டைச் சத்தம். இரவில் கேட்டது அதற்கு மேல் ஏறிய, கொஞ்சம் கீச்சென்ற குரல். மேல்ஸ்தாயி கேட்டால் அங்கே உயர்ந்த அதிர்வெண் இருக்கிறது என்று பொருள். மீட்டர் இல்லாதவனுக்குக் காதும் ஒரு கருவி. அண்ணனுக்கு அது என்னைவிட நல்ல கருவி.

அந்த உயர்ந்த அதிர்வெண் எங்கிருந்து வருகிறது? சாதாரண டிரைவின் முகப்பில் ஏசியை டிசியாக்கும், ஆறு டையோடு கொண்ட ரெக்டிஃபையர் இருக்கும். அது கரண்ட்டைச் சீரான சைன் அலையாக இழுக்காது. வோல்ட்டேஜ் உச்சிக்கு வரும் நேரம் பார்த்து, அரைச் சுழற்சிக்கு இரண்டு திமிலாக இழுக்கும். எந்த வடிவத்தில் இருந்தாலும், திரும்பத் திரும்ப வரும் ஓர் அலையைச் சைன் அலைகளின் கூட்டலாகப் பிரித்துவிடலாம். ஜோசப் ஃபூரியே இதை 1822-இல் வெளியிட்டபோது மின்சாரத்தை நினைக்கவில்லை, வெப்பம் எப்படிப் பரவுகிறது என்ற கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வழியில் நம் டிரைவின் கரண்ட்டைப் பிரித்தால் 50 ஹெர்ட்ஸோடு 250, 350, 550, 650 என்று வரும். இப்படி 50-இன் மடங்குகளாக வருபவைதான் ஹார்மோனிக். இங்கே 5, 7, 11, 13-ஆம் ஹார்மோனிக். மேல் அரையும் கீழ் அரையும் ஒரே வடிவம் என்பதால் இரட்டைப்படை அடிபட்டுவிடும். நியூட்ரல் இல்லாத மூன்று பேஸ் இணைப்பு என்பதால் 3, 9 போன்றவையும் ஓடாது. மிஞ்சுவதில் 5 பெரியது, அடுத்தது 7. மேலே போகப் போகச் சிறிதாகும்.

ஒரு சின்ன இடைச்செருகல், எங்கள் ஊர்ப் பெருமை. 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து தங்கவயல் சுரங்கங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரு நகரத்துக்கே அது 1905-இல்தான் வந்தது. அந்த மின்சாரம் 25 ஹெர்ட்ஸ். அன்று யாராவது ஐந்தாம் ஹார்மோனிக்கைத் தேடியிருந்தால் 125-இல் பார்த்திருக்க வேண்டும். எண் மாறும், மடங்கு மாறாது. அதனால்தான் இந்த வேலையில் ஹெர்ட்ஸில் பேசாமல் மடங்கில் பேசுகிறோம்.

சரி, டிரைவ் 350 ஹெர்ட்ஸ் கரண்ட்டைத் தள்ளுகிறது. தள்ளட்டுமே, அதனால் கெப்பாசிட்டர் ஏன் வீங்க வேண்டும்? பஸ் கண்ணாடி ஆடியது போன்ற ஒத்ததிர்வுக்கு (ரெசனன்ஸ்) பாடப் புத்தகம் காட்டும் படத்தில் ஒரு ரெசிஸ்டர், ஒரு சுருள், ஒரு கெப்பாசிட்டர் வரிசையாக நிற்கும். எங்கள் பேனலில் கெப்பாசிட்டர் இருக்கிறது, சுருள் எங்கே? நான் பார்த்த பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். "பேனல்ல சோக்கே கிடையாது சார், அப்புறம் எப்படி ரெசனன்ஸ் வரும்?" என்று ஒரு காண்ட்ராக்டர் என்னிடமே கேட்டிருக்கிறார். சோக் என்றால் அந்தச் சுருள்தான். அது பேனலுக்குள் இல்லை. வெளியே வேலிக்குள் எண்ணெய்த் தொட்டியில் இருக்கிறது. ட்ரான்ஸ்ஃபார்மர்தான் அந்தச் சுருள், அதாவது இண்டக்டர். டிரைவின் கண்ணிலிருந்து பாருங்கள். அது தள்ளும் ஹார்மோனிக் கரண்ட்டுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாக கிரிட்டுக்கு, இன்னொன்று கெப்பாசிட்டர் வழியாக. இண்டக்டரும் கெப்பாசிட்டரும் இணையாக நிற்கின்றன. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் இரண்டின் ரியாக்டன்ஸும் (அதிர்வெண்ணோடு மாறும் தடை) சமமாகும். அப்போது இரண்டுக்கும் இடையே கரண்ட் ஊசலாடத் தொடங்கும். டிரைவ் தள்ளியது கொஞ்சம்தான், உள்ளே சுற்றுவது அதைப் போலப் பல மடங்கு. பஸ்பாரில் அந்த அதிர்வெண்ணின் வோல்ட்டேஜும் கூடவே எழும்.

எந்த மடங்கில் என்று கண்டுபிடிக்க ஹார்மோனிக் அளக்கும் அனலைசர் வேண்டாம், மொபைல் கால்குலேட்டர் போதும். ட்ரான்ஸ்ஃபார்மர் கேவிஏவை இம்பிடன்ஸால் வகுத்தால் ஷார்ட் சர்க்யூட் கேவிஏ: 500 வகுத்தல் 0.045, ஏறக்குறைய 11,111. அதை ஆன் ஆகியிருக்கும் கேவிஏஆரால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஒத்ததிர்வு மடங்கு. 12 ஸ்டெப்பும் ஆன் என்றால் 300. வகுத்தால் 37, அதன் வர்க்கமூலம் 6.1. ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில், நேரடி மோதல் இல்லை. 9 ஸ்டெப் என்றால் 225, 49.4-இன் வர்க்கமூலம் 7.03.

அந்த எண்ணைப் பார்த்ததும் அண்ணனிடம் கேட்டேன்: "அண்ணே, நைட்டுல பேனல்ல எத்தனை லைட் எரியும்?" ஒரு ஸ்டெப் ஆன் ஆனால் ஒரு லைட். அவர் யோசிக்கவே இல்லை. "எட்டு, ஒன்பது. பத்து எப்பவாவது."

கணக்குத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் கையைத் தூக்குவார்கள். கெப்பாசிட்டர் ரேட்டிங் 440 வோல்ட், அதைவிடக் குறைந்த வோல்ட்டேஜில் அது 25 கேவிஏஆர் தராதே? உண்மை. வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 415-இல் 22-ஐ ஒட்டித்தான் வரும். இது ஒத்ததிர்வு மடங்கைச் சற்று மேலே தள்ளும். ட்ரான்ஸ்ஃபார்மருக்கு மேலே கிரிட்டின் இண்டக்டன்ஸும் இருக்கிறதே? அதுவும் உண்மை, அது மடங்கைக் கீழே இழுக்கும். இரண்டையும் ஓம் கணக்கில் போட்டுப் பார்த்தேன். எங்கள் இடத்தில் ஒன்றையொன்று சாப்பிட்டுவிட்டு விடை மறுபடி ஏழிலேயே வந்து நின்றது. உங்கள் இடத்தில் அப்படி அமைய வேண்டியதில்லை. பெயர்ப்பலகைக் கணக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான். பார்க்காமலேயே முடிவு செய்யும் அளவுக்கு அதை நம்பக்கூடாது.

பார்ப்பது எப்படி? முதலில் டாங் டெஸ்டர், கம்பியைச் சுற்றிக் கவ்விக் கரண்ட் அளக்கும் மீட்டர். பேனல் ரூமில் கிடந்த பழைய டெஸ்டர் சராசரியை அளந்து, சைன் அலை என்று நினைத்துக்கொண்டு 1.11-ஆல் பெருக்கிக் காட்டும் ரகம். அது ஒரு ஸ்டெப்பில் 36 ஆம்பியர் காட்டியது. பெயர்ப்பலகை 32.8, இரவில் வோல்ட்டேஜ் கொஞ்சம் கூடுதல் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக்கூடிய எண். அலை எந்த வடிவில் இருந்தாலும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் அதே கம்பியில் 40 காட்டியது. பேனலைத் தொடும் ஆள் ஒவ்வொருவர் கையிலும் ட்ரூ ஆர்எம்எஸ் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். விலை வித்தியாசம் ஒரு கெப்பாசிட்டர் காசு கூட இருக்காது.

பிறகு ஒரு பவர் குவாலிட்டி அனலைசரை வாடகைக்கு எடுத்தோம். இங்கேதான் நிறையப் பேர் காசை வீணாக்குவதைப் பார்க்கிறேன். கருவியை மெயின் இன்கமரில் (சப்ளை உள்ளே வரும் இடத்தில்) மாட்டி ஒரு நாள் ஓடவிட்டு, முப்பது பக்க ரிப்போர்ட் வாங்கி, "டிஎச்டி இவ்வளவு" என்று மொத்தத் திரிபின் சராசரியைப் படிக்கிறார்கள். ஒத்ததிர்வு சராசரியில் தெரியாது. சில நிமிடம் தலைகாட்டிவிட்டுப் போகும். நாங்கள் செய்தது வேறு. நைட் ஷிஃப்ட்டில் லோடு ஏறக்குறைய நிலையாக இருக்கும் நேரம் பார்த்து, ஸ்டெப்புகளை ஏற்றி இறக்கும் ஏபிஎஃப்சி ரிலேயை மேனுவலில் போட்டு, எல்லா ஸ்டெப்பையும் ஆஃப் செய்து, ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வந்தோம். ஒவ்வொரு படியிலும் ஐந்தாம், ஏழாம் ஹார்மோனிக் வோல்ட்டேஜ் எவ்வளவு, கெப்பாசிட்டர் கரண்ட் எவ்வளவு என்று நோட்டில் எழுதினோம். ஆஃப் செய்த ஸ்டெப்பை உடனே மறுபடி ஆன் செய்யக்கூடாது. டிஸ்சார்ஜ் ஆக நேரம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மிச்ச சார்ஜும் சப்ளையும் எதிரெதிராக மோதி காண்டாக்டர் முனை ஒட்டிக்கொள்ளும்.

கெப்பாசிட்டர் இல்லாமல் ஏழாம் ஹார்மோனிக் வோல்ட்டேஜ், 50 ஹெர்ட்ஸ் வோல்ட்டேஜில் ஒன்றரை சதவீதம். 6 ஸ்டெப்பில் நாலரை. 9-இல் பதினொன்று. 12-க்குப் போனதும் மறுபடி நாலரைக்குக் கீழே. டிரைவ்களில் எதையும் தொடவில்லை, லோடு மாறவில்லை. கெப்பாசிட்டர் எண்ணிக்கை ஒன்றுதான் மாறியது, மலை ஏறி இறங்கியதுபோல் ஒரு கோடு நோட்டில் விழுந்தது. ஐ ட்ரிபிள் இ 519 தரக் குறிப்பு மின்வாரியமும் ஃபேக்டரியும் சேரும் 1 கேவி வரையிலான இணைப்புப் புள்ளியில் தனி ஹார்மோனிக்குக்கு 5 சதவீதம், மொத்தத் திரிபுக்கு 8 சதவீதம் என்று எல்லை வைக்கிறது. எங்கள் உள் பஸ்பார் அந்த இணைப்புப் புள்ளி அல்ல என்றாலும், நிலைமை எவ்வளவு மோசம் என்று ஒப்பிட அது உதவும்.

பதினொன்று சதவீதம் சின்ன எண்ணாகத் தோன்றலாம். கெப்பாசிட்டருக்கு அது சின்ன எண் அல்ல. அதிர்வெண் ஏழு மடங்கானால் அதன் ரியாக்டன்ஸ் ஏழில் ஒரு பங்காகும். எனவே 11 சதவீத வோல்ட்டேஜ் 77 சதவீதக் கரண்ட்டை ஓட்டும். அடிப்படைக் கரண்ட் 100, ஏழாவது 77, ஐந்தாவது 25 என்று வைத்து வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 129 வரும். கெப்பாசிட்டர் தரங்கள் ரேட்டிங்கைப் போல 1.3 மடங்கு கரண்ட்டைத் தாங்க வேண்டும் என்று சொல்கின்றன. ஆக, எங்கள் கெப்பாசிட்டர்கள் பல மணி நேரம் விளிம்பிலேயே ஓடிக்கொண்டிருந்தன. மூடிய பேனல், அடைத்துப்போன ஃபில்டர், ஏப்ரல் மாதச் சூடு. சப்ளையர் மேல் ஆத்திரப்பட்டதெல்லாம் வீண். அந்தக் கெப்பாசிட்டர்கள் இத்தனை நாள் தாங்கியதே பெரிது.

இரவில் மட்டும் இவ்வளவு உயர்வு ஏன் என்பதற்கும் பதில் கிடைத்தது. ஸ்டெப் எண்ணிக்கை ஒரு காரணம். இன்னொன்று, பகலில் ஓடும் ஹீட்டிங் ஓவன்கள் இரவில் நின்றுவிடும். ஹீட்டர் என்பது சுத்தமான ரெசிஸ்டன்ஸ். ஊசலாட்டத்தின் ஆற்றலைக் கொஞ்சம் குடித்து உச்சியை மழுங்கச் செய்யும். அது போனதும் உச்சி கூர்மையாகும்.

வைத்தியம் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர், "300 பத்தல சார், இன்னும் 150 போட்டுடுங்க, எல்லாம் சமாதானமாயிடும்" என்றார். 450 கேவிஏஆர் போட்டுக் கணக்குப் பாருங்கள். 11,111 வகுத்தல் 450, வர்க்கமூலம் 4.97. ஏழாவதை விட்டு, டிரைவ் இருப்பதிலேயே அதிகமாகத் தள்ளும் ஐந்தாவதின் மடியில் போய் உட்கார்ந்திருப்போம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். இன்னொருவர் சொன்னது புத்திசாலித்தனமாகத் தோன்றும்: ரிலேயில் 9-ஆவது ஸ்டெப் நிற்காதபடி செட்டிங் மாற்றி, எட்டிலிருந்து பத்துக்குத் தாவவிடலாம். எங்கள் நோட்டே அதை மறுத்தது. எட்டிலும் பத்திலும் ஏழாவது கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான் நின்றது. மலைக்கு அகலம் உண்டு. 12-இல் ஏழாவது அடங்கினாலும் ஐந்தாவது ஏழரை சதவீதத்தைத் தொட்டது. இந்தப் பேனலில் எட்டிலிருந்து மேலே பாதுகாப்பான படி என்று ஒன்று இல்லவே இல்லை.

பிளான்ட் ஹெட் கன்னடக்காரர், நல்ல மனிதர், கோடு போட்ட காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "கெப்பாசிட்டரே பேடவா?" வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஒத்ததிர்வு ஒரே நாளில் போய்விடும், பவர் ஃபேக்டர் அபராதம் அடுத்த பில்லிலேயே வந்துவிடும். நேரடி மோட்டார்கள் இன்னும் நிறைய இருந்தன. கெப்பாசிட்டர் தேவை, ஆனால் அது 250 ஹெர்ட்ஸிலிருந்து மேலே கெப்பாசிட்டராக நடந்துகொள்ளக்கூடாது. அதைச் செய்வதுதான் டீட்யூன்ட் ரியாக்டர்.

ஒவ்வொரு ஸ்டெப்பிலும் கெப்பாசிட்டரோடு வரிசையாக ஒரு ரியாக்டரை, அதாவது ஒரு சுருளை, இணைக்கிறோம். 7 சதவீத ரியாக்டர் என்றால், 50 ஹெர்ட்ஸில் அதன் ரியாக்டன்ஸ் கெப்பாசிட்டருடையதில் 7 சதவீதம். 1-ஐ 0.07-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 3.78, அதாவது 189 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இந்த ஜோடி கெப்பாசிட்டர் போல இருக்கும், 50-இல் பவர் ஃபேக்டரைத் திருத்தும். அதற்கு மேலே இண்டக்டர் போல மாறிவிடும். 250-இலும் 350-இலும் இரண்டு பக்கமும் இண்டக்டர்கள்தான், ஊசலாட ஜோடி இல்லை. எத்தனை ஸ்டெப் ஆன் ஆனாலும் இது பொருந்தும் என்பதுதான் இதன் அழகு.

ஆனால் ரியாக்டரை மட்டும் வாங்கிப் பழைய கெப்பாசிட்டரோடு கோர்த்தால் காசு போகும். வரிசை ரியாக்டர் கெப்பாசிட்டர் முனையில் வோல்ட்டேஜை உயர்த்திவிடும்: 415-ஐ 0.93-ஆல் வகுத்தால் 446. ஹார்மோனிக் அதன் மேல் ஏறும். 440 வோல்ட் கெப்பாசிட்டருக்கு இது மெதுவான மரண தண்டனை. நாங்கள் 525 வோல்ட் ரகம் எடுத்தோம். எடுக்கும்போது கேவிஏஆரைத் திரும்பக் கணக்கிட வேண்டும். 525-இல் 25 என்று எழுதியது, ரியாக்டரோடு 415-இல் 17-ஐ ஒட்டித்தான் தரும். கொட்டேஷனில் "25 கேவிஏஆர்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் எந்த வோல்ட்டேஜில், ரியாக்டருக்கு முன்பா பின்பா என்று எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத சப்ளையர்கள் இருந்தார்கள், அவர்களோடு பேச்சை அங்கேயே முடித்தோம்.

பாதி ஸ்டெப்புக்கு இந்த வருடம், மீதிக்கு அடுத்த வருடம் என்று பட்ஜெட் பேச்சு வந்தது. அதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே பஸ்பாரில் ரியாக்டர் போட்டதும் போடாததும் கலந்தால், வெறும் கெப்பாசிட்டர்கள் எப்போதும்போல ட்ரான்ஸ்ஃபார்மரோடும், இப்போது பக்கத்து ரியாக்டர்களோடும் ஊசலாடப் புதிய இடம் தேடும். மாற்றினால் முழுவதும் மாற்று, இல்லையென்றால் மாற்றும்வரை மீதியை அவிழ்த்துப் போடு. அவிழ்த்துப் போட்டோம். சில மாதம் அபராதம் கட்டினோம், கெப்பாசிட்டர் வாங்கிய செலவோடு ஒப்பிட்டால் அது குறைவுதான்.

ரியாக்டர்கள் சூடு தரும். பழைய பேனல் பெட்டிக்குள் திணிக்காமல், ரியாக்டர்களுக்குத் தனி அறை, ஃபேன், வெப்பம் கெப்பாசிட்டர் பக்கம் ஏறாத காற்றோட்டம் என்று பெட்டியையே மாற்றினோம். ரியாக்டருக்குள் ஒரு தெர்மல் சுவிட்ச் பொருத்தித்தான் தருவார்கள். நிறையப் பேனல்களில் அதன் இரண்டு கம்பியும் சும்மா சுருட்டிக் கட்டிக் கிடக்கும். காண்டாக்டர் காயிலோடு அதை வரிசையில் இணைக்க அரை மணி நேரம்தான் ஆகும்.

மாற்றிய பிறகு அதே நோட்டு, அதே மேனுவல் ஏற்றம். ஏழாவது எந்தப் படியிலும் இரண்டு சதவீதத்தைத் தாண்டவில்லை. ஐந்தாவதும் அங்கேயே சுற்றியது. இரவில் டிசி ஓவர்வோல்ட்டேஜ் என்று டிரிப் ஆகிக்கொண்டிருந்த ஒரு டிரைவும் அடங்கியது. அதை அதுவரை டிரைவ் கோளாறு என்று வேறு டிக்கெட்டில் வைத்திருந்தார்கள்.

வீங்கிய கெப்பாசிட்டரைக் கழற்றும்போது ஒரு ஜாக்கிரதை. உள்ளிருக்கும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டரும் எரிந்துபோயிருக்கலாம், எனவே காத்திருந்தால் மட்டும் போதாது. மீட்டரால் பார்த்து, இன்சுலேட்டட் ராடால் ஷார்ட் செய்துவிட்டுத்தான் கை வைப்பது. அண்ணன் இதில் யாரையும் நம்பமாட்டார், என்னையும் சேர்த்து.

இதே கதையின் இன்னொரு முகம் ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தது. ஃபேக்டரி மூடியிருக்கும், டிரைவ் ஒன்றும் ஓடாது. ட்ரான்ஸ்ஃபார்மருக்காக நிரந்தரமாக ஆன் ஆகியிருக்கும் ஒரு சின்ன கெப்பாசிட்டரில் மட்டும் கரண்ட் பெயர்ப்பலகையைத் தாண்டியிருந்தது. உள்ளே ஆளில்லாதபோது வரும் ஹார்மோனிக் 11 கேவி லைன் வழியாக வெளியிலிருந்துதான் வருகிறது. அந்தத் திசையிலிருந்து பார்த்தால் ட்ரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டரும் வரிசையாக நிற்கின்றன. வரிசை ஒத்ததிர்வில் இம்பிடன்ஸ் விழுந்துவிடும், அக்கம்பக்கத்து அழுக்கெல்லாம் நம் கெப்பாசிட்டரைத் தேடி வரும். அந்தச் சின்னதுக்கும் ரியாக்டர் போட்டோம். உங்கள் பிரச்சினை உள்ளூரா வெளியூரா என்று பிரிக்க, விடுமுறை நாள் அளவீட்டைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியாது.

ஆனால் 7 சதவீதம் எல்லா இடத்துக்கும் மருந்தல்ல. என் மச்சான் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஃபெசிலிட்டி வேலை பார்க்கிறார். அங்கே டிரைவைவிடக் கம்ப்யூட்டர், எல்இடி, சர்வர் அதிகம். எல்லாம் ஒற்றை பேஸ், மூன்றாம் ஹார்மோனிக் ஏராளம். மூன்று பேஸிலும் மூன்றாவது ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் விழும். அதனால் நியூட்ரலில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் கூடும். லோடு சமமாக இருந்தும் நியூட்ரல் கேபிள் பேஸைவிடச் சூடாக இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார். 7 சதவீத ஜோடி 189 ஹெர்ட்ஸில் திரும்புகிறது, மூன்றாவது இருப்பது 150-இல். அங்கே அது இன்னும் கெப்பாசிட்டர்தான், மூன்றாவதைப் பெருக்கவும் கூடும். அப்படிப்பட்ட இடத்துக்கு 14 சதவீதம், 134 ஹெர்ட்ஸை ஒட்டித் திரும்பும் ரகம். நியூட்ரல் சூட்டுக்கு அது தீர்வல்ல. அதற்கு நியூட்ரலைப் பெரிதாக்க வேண்டும், அல்லது லோடு பக்கத்திலேயே ஃபில்டர் வேண்டும். பக்கத்து ஃபேக்டரி பேனலைப் பார்த்து அப்படியே ஆர்டர் கொடுக்காதீர்கள் என்று அவரிடம் சொன்னேன்.

கடைசியாக டிஜி செட், அதாவது டீசல் ஜெனரேட்டர். பெங்களூருவில் ஜெனரேட்டர் இல்லாத ஃபேக்டரியை நான் பார்த்ததில்லை. கரண்ட் போய் டிஜி எடுத்ததும் சர்க்யூட்டில் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லை, அந்த இடத்தில் ஆல்டர்னேட்டர். ஹார்மோனிக் கணக்குக்கு அதன் சப்டிரான்சியன்ட் ரியாக்டன்ஸை (திடீர் மாற்றத்துக்கு அது காட்டும் தடை) எடுக்க வேண்டும். எங்களுடையது 500 கேவிஏ, அந்த ரியாக்டன்ஸ் 15 சதவீதம். 500 வகுத்தல் 0.15, 3,333. பழைய பேனலில் வெறும் 5 ஸ்டெப், 125 கேவிஏஆர் ஆன் ஆனாலே வர்க்கமூலம் 5.16, ஐந்தாவதுக்கு அருகே போய்விடும். கிரிட்டில் அமைதியாக இருக்கும் ஸ்டெப் எண்ணிக்கை டிஜியில் ஆபத்தானதாக மாறும். புதுப் பேனலில் ரியாக்டர் இருப்பதால் ஐந்தாவது, ஏழாவது பயமில்லை. ஆனால் லேசான லோடில் அதிகக் கெப்பாசிட்டர் ஆன் ஆனால் பவர் ஃபேக்டர் லீடிங் பக்கம் (கரண்ட் வோல்ட்டேஜை முந்தும் பக்கம்) போய், ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் பிடியை இழந்து வோல்ட்டேஜ் ஏறும். டிஜியில் பவர் ஃபேக்டர் அபராதமும் யாரும் போடுவதில்லை. அதனால் கிரிட்டுக்கும் டிஜிக்கும் மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சின் ஒரு ஆக்ஸிலரி (துணை) காண்டாக்டை ஏபிஎஃப்சி ரிலேயின் கன்ட்ரோல் சப்ளையோடு இணைத்துவிட்டோம். டிஜி எடுத்தால் எல்லா ஸ்டெப்பும் விழுந்துவிடும், கிரிட் திரும்பினால் டிஸ்சார்ஜ் நேரம் கழித்து ஒவ்வொன்றாக ஏறும். ஒரு ஆக்ஸிலரி காண்டாக்ட், சில மீட்டர் கம்பி, கன்ட்ரோல் டிராயிங்கில் ஒரு திருத்தம். டிராயிங்கைத் திருத்தியது அண்ணன், பேனல் கதவின் உள்பக்கம் அதை ஒட்டியதும் அவர்தான்.